உகாண்டா ஊழியப் பயணம்: மஞ்சள் புத்தகம் முதல் கடைசி மாத்திரை வரை

உகாண்டாவுக்குப் பன்னிரண்டு பேர், பதினான்கு நாள் என்று சபையில் அறிவிப்பு வந்த அன்று மாலையே யாராவது ஒருவர் டிக்கெட் விலையைத் துழாவ ஆரம்பித்துவிடுவார். பெரும்பாலும் மே மாதம்தான் மாட்டும். நமக்குப் பள்ளி விடுமுறை, ஆசிரியர்களும் கல்லூரிப் பிள்ளைகளும் சேர்ந்துகொள்ளலாம் என்ற கணக்கு. அங்கேயோ மார்ச் முதல் மே வரை பெருமழைக் காலம். கிராமத்துச் செம்மண் பாதையில் வேன் அச்சு வரை புதையும், கொசு பெருகும், மைதானக் கூட்டம் பாதியில் கலையும். டிசம்பர் கடைசியிலிருந்து பிப்ரவரி வரை மழை குறைவு. ஜனவரியில் அங்கத்திய பள்ளிகளுக்கும் விடுமுறை என்பதால் விபிஎஸ் எனும் விடுமுறை வேதாகமப் பள்ளிக்குப் பிள்ளைகள் கிடைப்பார்கள். தேர்தல் ஏதும் குறுக்கிடுகிறதா என்பதையும் பார்த்துவிடுங்கள். 2021 ஜனவரித் தேர்தலின்போது நாடு முழுக்க இணையத்தையே நிறுத்திவிட்டார்கள். அந்த நேரத்தில் வாட்ஸ்அப்பை மட்டும் நம்பிப் போன குழுவின் கதி என்னவாகும் என்று யோசித்துக்கொள்ளுங்கள்.

மாதம் முடிவானதும் டிக்கெட்டை ஒதுக்கி வைத்துவிட்டு, புறப்படும் தேதியிலிருந்து பின்னோக்கி எண்ணுங்கள். எட்டு வாரம் வேண்டும். உகாண்டாவின் இணைய விசா விண்ணப்பத்திலேயே மஞ்சள் காய்ச்சல் தடுப்பூசிச் சான்றிதழைப் பதிவேற்றச் சொல்கிறார்கள். ஆக, வரிசை இதுதான்: பாஸ்போர்ட், ஊசி, விசா. அதற்குப் பிறகே பணம் திரும்பாத டிக்கெட். இந்த வரிசையை மாற்றிப் போட்ட குழுக்கள்தான் கடைசி வாரத்தில் கிண்டிக்கும் துறைமுகத்துக்கும் ஓடுகின்றன.

பாஸ்போர்ட்டைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. திரும்பும் நாளுக்குப் பிறகும் 6 மாதம் செல்லுபடியாக வேண்டும், குறைந்தது இரண்டு வெறும் பக்கம் இருக்க வேண்டும். புதுப்பிக்க வேண்டியவர் ஊசி போடுவதற்கு முன்பே புதுப்பித்துவிட வேண்டும். காரணம் சற்றுக் கீழே வரும்.

மஞ்சள் காய்ச்சல் ஊசியைத் தெருமுனைக் கிளினிக்கில் போட்டுக்கொள்ள முடியாது. மத்திய அரசு அங்கீகரித்த மையங்களில் மட்டும்தான். சென்னையில் கிண்டி கிங் நோய்த்தடுப்பு மருந்து நிலையம், துறைமுக சுகாதார அலுவலகம் ஆகியவை அறிந்த இடங்கள். ஒரு குப்பியில் பல பேருக்கான மருந்து இருக்கும். திரவம் கலந்துவிட்டால் சில மணி நேரத்துக்குள் தீர்த்தாக வேண்டும், மிஞ்சினால் குப்பைதான். அதனால் மையங்கள் குறிப்பிட்ட நாளில், முன்பதிவு செய்தவர்களுக்கு மட்டும் போடுகின்றன. மருந்து கையிருப்பு இல்லாத வாரங்களும் உண்டு. பன்னிரண்டு பேருக்கும் ஒரே நாளில் இடம் கிடைக்கும் என்று நம்ப வேண்டாம்.

ஊசி போட்ட 10 நாள் கழித்துத்தான் சான்றிதழ் உயிர் பெறும். அதன் பிறகு ஆயுள் முழுவதும் செல்லும். பத்தாண்டுக்கு ஒருமுறை திரும்பப் போட வேண்டும் என்ற பழைய விதி 2016 ஜூலையில் போய்விட்டது. இதை அறியாமல் இரண்டாவது ஊசிக்கு வரிசையில் நிற்பவர்கள் இன்னும் இருக்கிறார்கள்.

சான்றிதழாகத் தரும் அந்த மஞ்சள் புத்தகத்தைக் கையில் வாங்கியதும் மேஜையை விட்டு நகராதீர்கள். பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் விரித்து வைத்து எழுத்தெழுத்தாக ஒப்பிடுங்கள். நம்மவர்களுக்கு இனிஷியல்தான் வினை. பாஸ்போர்ட்டில் ‘செல்வராஜ் சாமுவேல்’ என்று இருக்கும். டோக்கனில் எழுதிக் கொடுத்த பெயர் ‘எஸ். செல்வராஜ்’ என்பதால் புத்தகத்திலும் அப்படியே ஏறியிருக்கும். பாஸ்போர்ட் எண்ணில் ஓர் இலக்கம் தவறியிருக்கும். பெயர், பிறந்த தேதி, பாஸ்போர்ட் எண், ஊசி போட்ட தேதி, மருந்தின் தொகுதி எண், மருத்துவரின் கையெழுத்து, மையத்தின் முத்திரை என இந்த ஏழும் சரியாக இருந்தால்தான் புத்தகம். தவறு இருந்தால் அங்கேயே திருத்தி முத்திரை வாங்குங்கள். வீட்டுக்கு வந்து பேனாவால் திருத்திய புத்தகம் செல்லாது. ஊசிக்குப் பின் பாஸ்போர்ட்டைப் புதுப்பித்தால் எண் மாறிவிடும். அப்போது பழைய பாஸ்போர்ட்டையும் கூடவே சுமக்க வேண்டிவரும். ஜெராக்ஸ் உதவாது, அசல்தான் கையில் இருக்க வேண்டும்.

இந்தப் புத்தகத்தை உகாண்டாவின் என்டெபே விமான நிலையத்தில் கேட்பார்கள். திரும்பி வரும்போது நம் ஊரில் அதைவிடக் கண்டிப்பாகக் கேட்பார்கள். மஞ்சள் காய்ச்சல் நாடுகளிலிருந்து 6 நாட்களுக்குள் இந்தியாவில் இறங்குபவரிடம் செல்லுபடியாகும் சான்றிதழ் இல்லையென்றால் 6 நாள் வரை தனிமைப்படுத்தி வைப்பார்கள். உகாண்டா மட்டுமல்ல, கென்யாவும் எத்தியோப்பியாவும் அந்தப் பட்டியலில் உண்டு. ‘கென்யாக்காரன் கேட்கவே மாட்டான்’ என்று யாராவது தைரியம் சொன்னால் நம்பாதீர்கள். இந்தியாவிலிருந்து நேராக வருபவரைக் கென்யா கேட்காமல் விடலாம். கென்யாவிலிருந்து வருபவரை மீனம்பாக்கம் விடாது.

யாருக்கு இந்த ஊசி ஆகாது என்பதில்தான் சங்கடம். உயிருள்ள வைரஸை வலுவிழக்கச் செய்து தயாரித்த ஊசி இது. முட்டைக்குக் கடும் ஒவ்வாமை உள்ளவர், கர்ப்பிணி, புற்றுநோய் மருந்தோ அதிக அளவில் ஸ்டீராய்டோ எடுப்பவர், தைமஸ் சுரப்பிக் கோளாறு உள்ளவர் ஆகியோருக்குப் போடக்கூடாது அல்லது மருத்துவர் நிறைய யோசித்த பிறகே போட வேண்டும். முதன்முறையாக 60 வயதுக்கு மேல் போட்டுக்கொள்பவருக்குக் கடுமையான பக்கவிளைவு வரும் வாய்ப்பு மற்றவர்களைவிட அதிகம். சபைக் குழுவில் முன்வரிசையில் நிற்பவர்கள் பலரும் அந்த வயதுக்காரர்கள்தான். மூப்பர் ஐயாவிடம் யார் போய்ச் சொல்வது என்று தள்ளிப்போடாமல், பெயர்ப் பட்டியல் தயாராகும் வாரத்திலேயே ஒவ்வொருவரையும் அவரவர் மருத்துவரிடம் அனுப்புங்கள். ஊசி ஆகாதென்று மருத்துவர் சொன்னால் அவருக்கு உகாண்டா ஆகாது. ‘விலக்குக் கடிதம் இருக்கிறதே’ என்று ஏற்றிவிட்டால், நோயிடமிருந்து அந்தக் கடிதம் காக்காது. மீனம்பாக்கத்திலும் காக்கும் என்று எண்ண வேண்டாம்.

மற்ற ஊசிகளைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். டைபாய்டு கான்ஜுகேட் ஊசி ஒன்று. டெட்டனஸ்–டிஃப்தீரியா பூஸ்டர் போட்டு 10 ஆண்டு கடந்திருந்தால் இன்னொன்று. ஹெபடைட்டிஸ் பி மூன்று தவணை: 0, 1, 6 மாதம், மருத்துவ முகாமுக்குப் போகிறவர்கள் இதை ஆறு மாதம் முன்பே தொடங்கியிருக்க வேண்டும். வடக்கு உகாண்டா மூளைச்சவ்வுக் காய்ச்சல் பரவும் ஆப்பிரிக்கப் பட்டையில் வருகிறது. அங்குள்ள குலு பக்கம் போகிறவர்கள் மெனிங்கோகாக்கல் ஊசியைப் பற்றி மருத்துவரிடம் கேளுங்கள். எம்எம்ஆர் (தட்டம்மை, புட்டாளம்மை, ருபெல்லா) போன்ற வேறு உயிருள்ள ஊசி ஏதும் தேவைப்பட்டால், மஞ்சள் காய்ச்சல் ஊசி போடும் அதே நாளில் போட வேண்டும், இல்லையேல் 4 வாரம் இடைவெளி விட வேண்டும்.

மலேரியாவுக்கு ஊசியை எதிர்பார்க்காதீர்கள், மாத்திரைதான். இங்கேதான் நம்மவர்களின் அலட்சியம் உச்சத்தில் இருக்கும். ‘சென்னைக் கொசுவையே பார்த்துவிட்டோம்’ என்பார்கள். சென்னையில் அதிகம் வருவது வைவாக்ஸ் வகை. நடுங்க வைக்கும், ஆளைக் கொல்வது அபூர்வம். உகாண்டாவில் இருப்பது பெரும்பாலும் ஃபால்சிபாரம். காய்ச்சல் தொடங்கி ஓரிரு நாளில் மூளைக்கும் சிறுநீரகத்துக்கும் போய்விடக்கூடியது. குளோரோகுயினுக்கு அது மசியாது. பீரோவில் கிடக்கும் பழைய பட்டையை எடுத்துக்கொண்டு போவதில் பயனில்லை.

தடுப்புக்கு மூன்று மருந்துகள் உண்டு. மருத்துவர் எதை எழுதினாலும் எண்ணிக்கையை நீங்களே சரிபாருங்கள். டாக்ஸிசைக்ளின் 100 மில்லிகிராம், தினம் ஒன்று. புறப்படுவதற்கு 2 நாள் முன்பு தொடங்கி, திரும்பி வந்து 4 வாரம் வரை. பதினான்கு நாள் பயணத்துக்கு 2 + 14 + 28, ஆக 44. மெஃப்லோகுயின் 250 மில்லிகிராம், வாரம் ஒன்று. 2 வாரம் முன்பு தொடங்கி, திரும்பிய பின் 4 வாரம்; மொத்தம் 8 வாரம், முதல் நாளும் கடைசி நாளும் சேர 9. அட்டோவாகுவோன்–புரோகுவானில் தினம் ஒன்று, இதுவும் 2 நாள் முன்பு தொடங்கி. திரும்பி வந்து 7 நாள் போதும் என்பதால் 23-இல் முடிந்துவிடும், ஆனால் எல்லா மருந்துக்கடையிலும் கிடைக்காது. வலிப்பு, மனச்சோர்வு, பதற்ற நோய் இருந்தவர்களுக்கு மெஃப்லோகுயின் கூடாது. குழுவில் யாரும் இதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்கள். ஆகவே மருத்துவப் படிவத்தைத் தலைவர் எல்லோர் முன்னிலையிலும் வாசிக்காமல், ஒரு மருத்துவர் தனியாகப் பார்க்கும்படி ஏற்பாடு செய்யுங்கள். கர்ப்பிணிக்கும் 8 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளைக்கும் டாக்ஸிசைக்ளின் கூடாது.

டாக்ஸிசைக்ளினில் ஊழியக் குழுக்களுக்கே உரிய ஒரு தொல்லை உண்டு. வெறும் வயிற்றில் போட்டால் குமட்டும், வாந்தி வரும். உபவாச ஜெப நாளில் காலை மாத்திரையை வெறும் வயிற்றில் விழுங்கிவிட்டு, பத்து மணிக்கு வாந்தி எடுத்ததும் ‘உணவு ஒத்துக்கொள்ளவில்லை’ என்பார்கள். உண்ணாத வயிற்றில் என்ன ஒத்துக்கொள்ள வேண்டியிருக்கிறது? இரவு உணவுக்குப் பின் போடுவது என்று முதல் நாளே பழக்கிக்கொள்ளுங்கள். ஒரு முழு டம்ளர் தண்ணீரோடு விழுங்கி, அரை மணி நேரமாவது நிமிர்ந்து உட்கார்ந்திருக்க வேண்டும். போட்டவுடன் படுத்தால் மாத்திரை உணவுக்குழாயில் ஒட்டிப் புண்ணாக்கும். பால், கால்சியம், இரும்புச்சத்து மாத்திரை எதையும் அதோடு சேர்க்கக்கூடாது. வெயில் பட்டால் தோல் எரியும். பூமத்திய ரேகையின் மேலேயே இருக்கும் நாடு அது, முழுக்கைச் சட்டையும் தொப்பியும் கட்டாயம். சர்க்கரை நோயாளிகள் அந்த இரண்டு வாரத்தில் உபவாசத்தையே ஒத்திவைப்பது நல்லது.

மாத்திரை பாதிதான். மலேரியாக் கொசு அந்தி முதல் விடியல் வரை கடிப்பது. மாலை ஆறு மணிக்கு முழுக்கைச் சட்டை, முழுக்கால் உடை, காலுறை. 20 முதல் 30 சதவீதம் டீட் என்ற வேதிப்பொருள் உள்ள கொசு விரட்டியை வெளியே தெரியும் தோலில் தடவுங்கள். சன்ஸ்கிரீன் போடுவதானால் அது முதலில், விரட்டி அதற்கு மேலே. அங்கே சபைகளில் முழு இரவு ஜெபம் சாதாரணம், அதுவும் பல இடங்களில் சுவரில்லாக் கொட்டகையில். கொசுவுக்கு அதைவிட விருந்து இல்லை. நள்ளிரவில் மறுபடியும் தடவ வேண்டும் என்பதை யாராவது ஒருவர் நினைவூட்டட்டும்.

கொசுவலை மருந்தூட்டியதாக இருக்க வேண்டும். தங்கும் இடத்தில் வலை இருக்கிறது என்பார்கள். இருக்கும், கட்டைவிரல் போகிற ஓட்டையோடு. சொந்த வலை ஒன்று, பத்து மீட்டர் நைலான் கயிறு, இரண்டு மூன்று எஸ் கொக்கி, ஊசி நூல் ஆகியவற்றைப் பெட்டியின் மேல்தட்டிலேயே வையுங்கள். அடுத்தவர் வீட்டுச் சுவரில் ஆணி அடிக்க முடியாது. ஜன்னல் கம்பிக்கும் எதிர்க் கதவின் மேல் கீலுக்கும் குறுக்கே கயிறு இழுத்து அதில் மாட்டுங்கள். நாற்கோண வலையைவிட ஒற்றை வளையத்தில் தொங்கும் கூம்பு வலை இதற்குத் தோது. வெளிச்சம் இருக்கும்போதே கட்டி, கீழ் விளிம்பை நான்கு பக்கமும் மெத்தைக்கு அடியில் செருகிவிடுங்கள். தரையில் புரளவிட்டால் கொசு கீழ்வழியாக வரும். உள்ளே படுத்துக் கையை ஆட்டிப் பாருங்கள். முழங்கையோ பாதமோ வலையில் உரசினால் கொசு வெளியிலிருந்தே துணியின் வழியாகக் குத்தும், கட்டிலைச் சுவரிலிருந்து ஒரு முழம் நகர்த்துங்கள். படுக்குமுன் டார்ச் அடித்து உள்ளே மாட்டிக்கொண்டவற்றைக் கொல்வதோடு வேலை முடியும். பத்து நிமிட வேலை. களைத்து வந்து இரவு பத்து மணிக்கு இருட்டில் செய்தால் ஒரு மணி நேரம், அதுவும் சரியாக இருக்காது.

தாள்கள் பற்றி. உகாண்டாவுக்கு இணைய வழி விசா. கென்யாவும் ருவாண்டாவும் சேர்ந்த பயணமென்றால் மூன்று நாட்டுக்கும் பொதுவாக 100 டாலரில் 90 நாள் கிழக்கு ஆப்பிரிக்கச் சுற்றுலா விசா கிடைக்கும். பிரசங்கம், மருத்துவ முகாம், கட்டட வேலை எல்லாம் சுற்றுலாவில் அடங்குமா என்பதை அழைக்கும் சபை அங்கத்திய குடியேற்றத் துறையிடம் எழுத்தில் கேட்டு வாங்கி அனுப்பட்டும். ‘எல்லாரும் டூரிஸ்ட் விசாவில்தான் வருகிறார்கள்’ என்ற வாட்ஸ்அப் குரல்செய்தி ஆவணம் ஆகாது. நாட்டுக்கு நாடு சட்டம் வேறு. பக்கத்திலிருக்கும் நேபாளத்தில் 2018 ஆகஸ்டில் நடைமுறைக்கு வந்த குற்றவியல் சட்டப்படி மதமாற்றம் செய்வது 5 ஆண்டு வரை சிறைக்குரிய குற்றம். வெளிநாட்டவரானால் தண்டனைக்குப் பின் நாடு கடத்துவார்கள். உகாண்டாவில் அந்தக் கெடுபிடி இல்லை. ஆனாலும் திறந்தவெளிக் கூட்டத்துக்கு உள்ளூர்க் காவல் நிலையத்துக்குத் தெரிவிக்காமல் ஒலிபெருக்கி கட்டக்கூடாது. எந்தக் கிராமத்துக்குப் போனாலும் முதலில் எல்சி-1 தலைவரைப் பார்த்து அறிமுகம் செய்துகொள்ளுங்கள். நம் ஊர் வார்டு உறுப்பினரைப் போன்றவர், ஊருக்குள் யார் வந்திருக்கிறார்கள் என்பதற்கு அவர்தான் பொறுப்பு. அவருக்குத் தெரிந்து போனால் பாதிப் பிரச்சினை வராது.

மருத்துவர்கள் தமிழ்நாட்டுப் பதிவை நம்பி அங்கே ஊசி போடக்கூடாது. உகாண்டா மருத்துவ, பல் மருத்துவர் கவுன்சிலில் தற்காலிகப் பதிவு வாங்க வேண்டும். செவிலியருக்குத் தனிக் கவுன்சில். பட்டம், பதிவு, நன்னடத்தைச் சான்றின் நகல்களை முன்கூட்டியே அனுப்பினால்தான் நேரத்துக்குக் கிடைக்கும். மருந்துகளை நான்கு பெட்டியில் அடைத்து என்டெபேயில் இறக்குவது இன்னொரு வழக்கமான தவறு. இறக்குமதிக்குத் தேசிய மருந்து ஆணையத்தின் அனுமதி வேண்டும். இல்லையேல் சுங்கத்தில் நின்றுவிடும். அதிலும் ‘சாம்பிள்’ என்று அச்சிட்ட, மூன்று மாதத்தில் காலாவதியாகும் பட்டைகளைக் கொண்டுபோவது தானமே அல்ல. நன்கொடை மருந்து போய்ச் சேரும்போது குறைந்தது ஓராண்டு ஆயுள் மிச்சமிருக்க வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் வழிகாட்டுதல். தலைநகர் கம்பாலாவின் நசாம்பியா பகுதியில் ஜாயின்ட் மெடிக்கல் ஸ்டோர் இருக்கிறது. கத்தோலிக்க, புராட்டஸ்டன்ட் மருத்துவ அமைப்புகள் 1979-இல் சேர்ந்து தொடங்கியது. அழைக்கும் சபையோடு தொடர்புள்ள மருத்துவமனை மூலம் அங்கேயே வாங்குங்கள். முகாம் முடிந்து மிஞ்சியது அந்த மருத்துவமனைக்கே போகும், குறிப்புச்சீட்டும் அவர்களுக்குப் புரியும் பெயரில் இருக்கும்.

பணத்தில் இரண்டே செய்தி. டாலர் நோட்டு 2009-க்கு முன் அச்சானதாக இருந்தாலோ, மூலை கிழிந்து மை பட்டிருந்தாலோ கம்பாலா நாணய மாற்றுக் கடைகளில் தள்ளிவிடுவார்கள். இங்கே வாங்கும்போதே புது நோட்டாகக் கேளுங்கள். ரொக்கமாக ஒருவர் 3,000 டாலர் வரைதான் வாங்கலாம், மீதி கார்டில். சபை டிரஸ்டின் வங்கிக் கணக்கிலிருந்து வெளிநாட்டுச் செலவுக்குப் பணம் எடுப்பதற்கு முன் ஆடிட்டரைக் கேளுங்கள்; இந்தியாவுக்கு வெளியே செலவழித்த தொகைக்கு வரி விலக்குக் கிடைப்பது எளிதல்ல, தணிக்கையில் சிக்கும்.

ஊறுகாய், பொடி வகைகளைப் பாலிதீன் கேரிபேக்கில் சுற்றி எடுத்துக்கொண்டு நைரோபி வழியாகப் போகாதீர்கள். கென்யா 2017 ஆகஸ்டிலேயே பிளாஸ்டிக் கேரிபேக்குகளைத் தடை செய்துவிட்டது, அபராதமும் கடுமை. துணிப்பை போதும்.

இனி, உண்மையில் ஆளை எடுக்கும் விஷயத்துக்கு வருவோம். வெளிநாடு போன இடத்தில் காயப்பட்டுச் சாகிறவர்களில் பெரும்பங்கு சாலை விபத்தில்தான். சிங்கத்தையும் எபோலாவையும் பற்றிக் கேள்வி கேட்கும் குழு, வேனின் சீட் பெல்ட்டைப் பற்றிக் கேட்பதில்லை. கென்யாவின் மொம்பாசா துறைமுகத்திலிருந்து வரும் கனரக லாரிகள் ஜின்ஜா வழியாகக் கம்பாலாவுக்குள் நுழைகின்றன. கம்பாலாவிலிருந்து குலுவுக்கு 330 கிலோமீட்டருக்கு மேல், நடுவில் கருமாவில் நைல் நதியைத் தாண்ட வேண்டும். அங்கே ஆண்டு முழுவதும் மாலை ஏழு மணி வாக்கில் சட்டென்று இருட்டிவிடும். விளக்கில்லாத லாரி ஓரத்தில் நிற்கும், சைக்கிளில் வாழைத்தார் போகும், ஆடு குறுக்கே வரும். ஆகவே விதி ஒன்றுதான்: ஆறரை மணிக்குமேல் ஊர்விட்டு ஊர் வண்டி நகராது. கூட்டம் நீண்டுவிட்டதா? அந்த ஊரிலேயே தங்குங்கள், அதற்கான போர்வையும் இரவு மாத்திரையும் ஒவ்வொருவர் தோள்பையிலும் இருக்கட்டும். விமானம் நள்ளிரவில் இறங்கினால் என்டெபேயிலேயே படுத்து எழுந்து, காலையில் 40 கிலோமீட்டர் போய்க் கம்பாலாவைச் சேருங்கள்.

வாடகை வேன் வந்ததும் ஏறிவிடாதீர்கள். நான்கு டயரின் பட்டையும் விரல் நகத்தால் தடவிப் பாருங்கள், ஸ்டெப்னியில் காற்று இருக்கிறதா பாருங்கள், ஒவ்வோர் இருக்கையிலும் பெல்ட்டை இழுத்து மாட்டிப் பாருங்கள். பெல்ட் இருக்கும், மாட்டுகிற பக்கிள் இருக்கைக்கு அடியில் புதைந்திருக்கும். பதினான்கு பேர் உட்காரும் வேனுக்குப் பன்னிரண்டு பேரும் பெட்டிகளும் சேர்ந்தால் அதிகம். ஒலிபெருக்கிப் பெட்டி பின் இருக்கையில் கட்டாமல் கிடந்தால் சடன் பிரேக்கில் முன்னால் இருப்பவரின் கழுத்துக்கு வரும். இரண்டு வண்டி எடுங்கள். போடா போடா எனும் மோட்டார் சைக்கிள் டாக்ஸியில் யாரும் ஏறக்கூடாது, அவசரமென்றாலும். பயணக் காப்பீட்டிலும் இரு சக்கர வாகன விபத்தை ஒதுக்கி வைக்கும் பாலிசிகள் உண்டு.

காப்பீட்டை வாங்கினால் போதாது, படிக்கவும் வேண்டும். தன்னார்வப் பணி, ஏற்கெனவே உள்ள நோய், அவசர விமான வெளியேற்றம் ஆகிய மூன்றையும் பாலிசியில் தேடிப் பாருங்கள். பெரிய சிகிச்சைக்குப் பலரையும் நைரோபிக்குத்தான் தூக்கிப் போவார்கள். நைரோபி வில்சன் விமான நிலையத்திலிருந்து இயங்கும் ஆம்ரெஃப் பறக்கும் மருத்துவர் சேவை 1957 முதல் இதைச் செய்துவருகிறது. குறுகிய காலச் சந்தாவும் உண்டு. உங்கள் காப்பீட்டு நிறுவனம் அந்தச் செலவை ஏற்குமா, யார் தொலைபேசியில் ஒப்புதல் தர வேண்டும் என்பதைப் புறப்படுமுன் எழுதி வாங்குங்கள். உள்ளூர் அவசர எண்கள் 999, 112. கம்பாலாவில் இந்தியத் தூதரகம் உண்டு. போய் இறங்கியதும் குழுவின் பெயர்ப் பட்டியலையும் தங்குமிடத்தையும் அங்கே தெரிவித்துவிடுங்கள்.

தண்ணீர் விஷயத்தில், குடிக்கும் தண்ணீரில் எல்லோரும் கவனமாக இருப்பார்கள். நன்றாகக் கொதி வந்து ஒரு நிமிடம், அவ்வளவுதான். வழுக்குவது ஏரியில். விக்டோரியா ஏரியிலும் ஜின்ஜா பக்கத்து நைல் கரையிலும் நத்தைகள் வழியாகப் பில்ஹார்சியா என்ற ஒட்டுண்ணி பரவுகிறது. தண்ணீரில் இறங்கிய சில நிமிடங்களில், புண்ணே இல்லாத தோலையும் துளைத்து உள்ளே போய்விடும். கரையேறித் துடைத்துக்கொண்டால் போதும் என்பதை நம்ப முடியாது. ஊழியப் பயணத்தில் ஏரிக்கு எதற்குப் போகிறார்கள்? ஞானஸ்நானத்துக்கு. முப்பது பேருக்கு அரை மணி நேரம் இடுப்பளவு தண்ணீரில், கரையோர நாணல் பக்கத்தில், அதாவது நத்தை அதிகமுள்ள இடத்தில் நிற்பவர் ஞானஸ்நானம் கொடுக்கும் விருந்தினர்தான். உள்ளூர்ப் போதகர் கொடுக்கட்டும், நீங்கள் கரையில் நின்று பாடுங்கள் என்பதே எளிய வழி. அங்கத்தியவர்கள் மட்டும் இறங்கலாமா என்றால் அதுவும் நியாயமில்லை. சபை வளாகத்தில் தொட்டி வைத்து, ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரையோ, மூடி வைத்து இரண்டு நாள் ஆன தண்ணீரையோ நிரப்புங்கள். ஒட்டுண்ணி நத்தையை விட்டு வெளிவந்த பின் அவ்வளவு காலம் உயிரோடிருப்பதில்லை.

உணவு: எதிரே சுட்டது, ஆவி பறப்பது, தோலை நீங்களே உரித்தது. கம்பாலாத் தெருவில் ‘ரோலெக்ஸ்’ என்று விற்பார்கள். சப்பாத்திக்குள் ஆம்லெட்டைச் சுருட்டியது, நம் நாக்குக்கு உடனே பிடித்துவிடும். உள்ளே வைக்கும் பச்சைக் கோஸையும் தக்காளியையும் வேண்டாம் என்று சொல்லிவிட்டால் போதும். வயிற்றுப்போக்கு வந்தால் ஒரு லிட்டருக்கான ஓஆர்எஸ் பொட்டலம், ஆளுக்குக் குறைந்தது ஆறு. பழரச டப்பா ஓஆர்எஸ் ஆகாது. காய்ச்சலோ ரத்தமோ கலந்திருந்தால் போக்கை நிறுத்தும் மாத்திரை கூடாது. மருத்துவர் முன்பே எழுதித் தந்த அசித்ரோமைசினுக்கு அதுதான் நேரம்.

மருத்துவ முகாமில் ஊசி குத்திவிடும். யாருக்காவது, என்றைக்காவது. குத்தியதும் பிதுக்காமல், சோப்பும் ஓடும் தண்ணீரும் கொண்டு கழுவுங்கள். எச்ஐவி தடுப்பு மருந்தைக் கூடுமானால் இரண்டு மணி நேரத்துக்குள், எப்படியும் 72 மணி நேரத்துக்குள் தொடங்கி 28 நாள் எடுக்க வேண்டும். முகாம் நடக்கும் ஊருக்கு அருகில் எந்த மருத்துவ நிலையத்தில் அந்த மருந்து கிடைக்கும், ஞாயிற்றுக்கிழமை திறந்திருக்குமா என்பதை முகாமுக்கு முன்தினமே போன் செய்து உறுதி செய்துகொள்ளுங்கள். பயன்படுத்திய ஊசிக்கு மூடியை மாட்ட முயல வேண்டாம்; நேராகக் குத்துப்படாத கெட்டியான டப்பாவுக்குள் போட்டு, முக்கால் பங்கு நிறைந்ததும் மூடிவிடுங்கள்.

எபோலா பற்றிய கேள்விக்கு: சூடான் வகை வைரஸ் 2022 செப்டம்பரில் வந்து 2023 ஜனவரியில் ஓய்ந்தது, 2025 ஜனவரி இறுதியில் கம்பாலாவிலேயே மறுபடி வந்து ஏப்ரலில் முடிந்தது. புறப்படும் வாரத்தில் உகாண்டா சுகாதார அமைச்சகத்தின் அறிவிப்பைப் பாருங்கள். பரவல் அறிவித்திருந்தால் பயணத்தைத் தள்ளிவையுங்கள். ‘டிக்கெட் பணம் போய்விடுமே’ என்பது வாதமாகாது. நோயாளி மேல் கைவைத்து ஜெபிப்பது நம் வழக்கம் என்பதால், சுற்றுலாப் பயணியைவிட நமக்கு ஆபத்து அதிகம்.

இந்தியரை அங்கே ‘முயின்டி’ என்பார்கள். கடைக்காரர், பணக்காரர் என்ற எண்ணம் அந்தச் சொல்லோடு ஒட்டியே வரும். கழுத்துச் சங்கிலியை வீட்டில் கழற்றி வைத்துவிட்டு வாருங்கள். உருக்கமான சாட்சி கேட்டதும் ‘இந்தப் பிள்ளையின் படிப்பை நான் பார்த்துக்கொள்கிறேன்’ என்று மேடையில் யாரும் தனியாக வாக்குக் கொடுக்கக்கூடாது. கொடுப்பதெல்லாம் குழுவின் வழியாக, ரசீதோடு, உள்ளூர்ச் சபைக் குழுவுக்கு. பிள்ளைகளோடு எப்போதும் பெரியவர் இருவர். ஒருவராகத் தனியறையில் இருக்கவே கூடாது. பெற்றோர் அனுமதியின்றிப் பிள்ளைகளைப் படமெடுப்பதும், ஊர்ப் பெயரோடு அன்றைக்கே நிலைத்தகவல் போடுவதும் வேண்டாம்.

இத்தனையையும் யார் நடத்துவது? போதகர் பிரசங்கத்தைப் பார்க்கட்டும். பாதுகாப்புக்கென்று வேறொருவரை நியமியுங்கள், ‘முடியாது’ என்று சொல்லக் கூச்சப்படாத ஒருவரை. அழைத்தவர்கள் அன்பு மிகுதியில் நாளுக்கு நான்கு கூட்டம் வைப்பார்கள். ஐந்தாவது ஊருக்கு இரவில் போகலாம் என்பார்கள். அந்த இடத்தில் இவர் சொல்வதே முடிவு, போதகரும் மறுக்கக்கூடாது என்பதைச் சென்னையிலேயே எழுதிக் கையெழுத்திடுங்கள். அங்கே போய், அழைத்தவரின் முகத்துக்கு நேரே விவாதிக்க முடியாது.

திரும்பி வந்த பிறகு சாட்சிக் கூட்டம், போட்டோ, வரவேற்பு எல்லாம் நடக்கும், மாத்திரை மறந்துபோகும். டாக்ஸிசைக்ளின் எடுப்பவர்களுக்கு இன்னும் 28 இருக்கிறது. குழு வாட்ஸ்அப்பில் தினமும் இரவு எட்டரைக்கு ஒருவர் ‘போட்டாச்சா?’ என்று கேட்கட்டும். கொசு கடித்த 7 நாளுக்குப் பிறகு, மூன்று மாதம் வரையிலும், அதற்கு மேலும்கூட, எந்தக் காய்ச்சல் வந்தாலும் அன்றைக்கே ரத்தப் பரிசோதனை. நம் ஊர் மருத்துவர் டெங்கு என்று நினைத்துப் பாராசிட்டமால் எழுதி அனுப்ப வாய்ப்பு அதிகம். உட்கார்ந்ததும் உங்கள் முதல் வாக்கியமே ‘நான் உகாண்டாவிலிருந்து இத்தனாம் தேதி வந்தேன், மலேரியாவுக்குப் பாருங்கள்’ என்பதாக இருக்கட்டும். முதல் ரத்தச் சோதனையில் (ஸ்மியர்) மலேரியா இல்லையென்று வந்தாலும் 12 முதல் 24 மணி நேரத்துக்கு ஒருமுறை வீதம் மொத்தம் மூன்று முறை பார்க்கச் சொல்லுங்கள். ஏரித் தண்ணீரில் கால் நனைத்தவர்கள் பில்ஹார்சியா சோதனைக்கு உடனே ஓட வேண்டாம், அப்போது தெரியாது. எட்டு வாரம் கழித்து வரும் ஒரு தேதியைக் காலண்டரில் இப்போதே வட்டமிட்டு வையுங்கள்.